பதிவு 4,319

நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஆனால் இது நடந்தது. 2006 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, பதுளை டவுனில், பட்டப்பகலில்.

கேசினி யாழ்ப்பாணத்துப் பெண். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட டிஸ்பென்சரி ஒன்றில், ஒரேயொரு கம்ப்யூட்டரில் பல வருஷமாக ஓடிய நோயாளர் பதிவு மென்பொருளை இணையத்துக்கு மாற்றி எழுதிக்கொண்டிருந்தாள். இனி ஒன்பது தோட்டங்கள் ஒரே நேரத்தில் அதைப் பாவிக்கலாம். பழைய கம்ப்யூட்டரே டவுனில் அவள் அலுவலக மேசைக்கு வந்திருந்தது. நாலு மணிக்குப் பெரிய டொக்டர் வேலையைப் பார்க்க வருகிறார்.

பழையதில் இருந்த பதிவுகள் 4,318. புதியதற்கு மாற்றி முடித்தபோது 4,319.

கூடுதலாக வந்ததைத் திறந்தாள். பெரியாயி, வயது 61. வந்த நேரம், இன்று மதியம் 1.10. வருத்தம், அதாவது என்ன நோய் என்ற இடத்தில்: மூச்சு முட்டுது.

தன் வேலையில்தான் ஏதோ பிழை என்று நினைத்தாள். அழித்தாள்.

1.22. மறுபடி 4,319. அதே பெரியாயி. வருத்தம்: குளிருது.

அழித்தாள்.

1.31.

கதவு பூட்டியிருக்கு.

இந்தத் தடவை அழிக்கவில்லை. டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் அஸீஸின் போனுக்கு அடித்தாள்.

“அஸீஸ், அங்க ஆரும் பேர் பதியினமோ?”

“இல்லீங்க மிஸ். கம்ப்யூட்டர் ஒங்ககிட்டதானே இருக்கு. நான் பூட்டிட்டு வீட்டுக்குச் சாப்பிட வந்தேன்.”

“வாசலில ஒருக்காப் போய்ப் பாருங்கோ. பெரியாயி எண்டு ஒரு அம்மா...”

மழைச் சத்தம். செருப்புச் சத்தம்.

“மிஸ்... படியில கெடக்குறாங்க.”

லொறியில் ஏற்றினார்கள். பதுளை ஆஸ்பத்திரிக்கு வரும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

நாலு மணிக்குப் பெரிய டொக்டர் வந்தார். கேசினி புதிய மென்பொருளை முழுக்கக் காட்டினாள். நல்லாயிருக்கு என்றார். அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. இரண்டு தரம் அழித்தேன், இருபத்தொரு நிமிஷம்... அது மட்டும் தலைக்குள் ஓடியது.

மறுநாள், அந்தப் பதிவுகளைப் போட்டது யார் என்று தேடினாள். புதிய மென்பொருளுக்குள் நுழைய அதுவரை அவளைத் தவிர யாருக்கும் வழியில்லை. ஆனால் பதிந்தவர் பெயர் இருந்தது.

சிவஞானம்.

அஸீஸிடம் கேட்டாள்.

“எனக்கு முந்தி இங்க மருந்து குடுத்தவரு மிஸ். தவறி நாலு வருஷமாச்சு.”

பிறகு அவனே சொன்னான்.

“அவரு இருந்தவரைக்கும் மத்தியானத்துல கதவப் பூட்டுனதே இல்லீங்க.”