பிறிசில்லா மிஸ் வெற்றிலை எடுத்த கதை

பிறிசில்லா மிஸ்ஸின் கையால் ஊசி போட்டுக்கொள்ளாத குடும்பம் மட்டக்களப்பு நகரத்தில் இருந்தால் அது அண்மையில் குடிவந்த குடும்பமாகத்தான் இருக்கவேண்டும். முப்பத்து நாலு வருடம் அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவர். போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் வீட்டுப் பெண். சொந்தத்தில் கலியாணம் என்றால் அறுபத்தொரு வயதிலும் வயலின் சத்தம் கேட்டதும் சப்பாத்தைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டு ஆட இறங்கிவிடுவார். வார்ட்டுக்குள் வந்தாலோ, அதே மனுசிதானா என்று கண்ணைக் கசக்கிப் பார்க்கவேண்டும். அவருடைய குரல் கேட்டால் நோயாளி நேராகப் படுப்பார். நோயாளியைப் பார்க்க வந்தவரும் எழுந்து நிற்பார்.

இத்தனை வருடத்தில் ஒரு நோயாளியிடம் ஒரு டொபி கூட வாங்கியதில்லை என்பது மிஸ்ஸின் பெருமை. அதை யார் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். ஒருமுறை செங்கலடிப் பக்கத்து மனுசி ஒருத்தி, வார்ட்டில் கிடந்த புருசனைப் பார்க்க வந்தவள், ஒரு பை மாங்காயை மிஸ்ஸின் ஸ்கூட்டியில் கொழுவிவிட்டுச் சொல்லாமல் போய்விட்டாள். மிஸ் விடுவாரா? வேலை முடிந்த கையோடு, வெள்ளை உடுப்போடு, பையைத் திருப்பிக் கொடுக்க அவள் வீட்டுக்கே போனார். ஆஸ்பத்திரி மிஸ் வாசல் படலையில் நிற்பதைக் கண்ட மனுசி, புருசன் போய்விட்டான் என்றே நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிட்டாள். அயல் சனமெல்லாம் ஓடிவந்துவிட்டது. அவன் கட்டிலில் இருந்து சோறு தின்கிறான் என்று விளங்கப்படுத்துவதற்குள் மிஸ்ஸுக்கே வியர்த்துவிட்டது. பிறகு பையைப் படலையடியில் வைத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அந்த மனுசி மிஸ்ஸின் முகத்தைப் பார்த்துக் கதைக்கவில்லை. வெட்கப்படுகிறாள் என்று மிஸ் நினைத்துக்கொண்டார்.

ஓய்வு பெற்று வீட்டில் இருந்தபோது படாதபாடு பட்டவர் கணவர் ஹேர்பர்ட்தான். விடிந்தால் பிரஷர், மத்தியானம் சீனி, பொழுதுபட்டால் மறுபடியும் பிரஷர். கடைசியில் மனிதர் கையெடுத்துக் கும்பிட்டு, வேறு யாருக்காவது போய்ப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சினார். அப்படித்தான் மிஸ் தொண்டு நிறுவனத்தின் வாசலுக்குப் போனார்.

அங்கே தொண்டர்களை இடம் பார்த்து அனுப்புகிறவள் சுலோஜனா. குருக்கள்மடத்துப் பிள்ளை. யாருக்கு எந்த உதவி தேவை, அதற்கு எந்தத் தொண்டர் பொருந்துவார் என்று பார்த்துப் பார்த்துப் பொருத்தம் பார்ப்பவள். கலியாணத் தரகர் கூட அவளிடம் பாடம் கேட்கலாம். மிஸ்ஸின் வயதைப் பார்த்துவிட்டு, நகரத்திலேயே ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது, மின்விசிறி உண்டு, மத்தியானச் சாப்பாடும் உண்டு என்று சொல்லிப் பார்த்தாள்.

"ஃபேனுக்குக் கீழ இருக்க எண்ட வீடு கிடக்கு புள்ள," என்றார் மிஸ். "ஆரும் போகாத இடத்துக்கு என்ன அனுப்பு."

யாரும் போகாத இடம் ஒன்று இருந்தது. வலையிறவுப் பாலம் தாண்டி, வவுணதீவுக்கும் உள்ளே, தார் ரோட்டு முடிந்து கிறவல் ரோட்டும் அலுத்துப்போகிற இடத்தில் கோணாமலையின் வீடு. கோணாமலை வேளாண்மைக்காரர். நீரிழிவு என்கிற சீனி வருத்தம் இருந்தது. வயலில் ஏதோ குத்தியதை மரத்துப்போன கால் அவருக்குச் சொல்லவில்லை. சுண்டுவிரலடியில் புண் வைத்த பிறகுதான் கண்டார். நாளாந்தம் சுத்தமாக மருந்து கட்டவேண்டும், விட்டால் கணுக்காலோடு எடுக்கவேண்டி வரும் என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். தினமும் நகரத்துக்கு வர அவருக்கு வழியில்லை. மனைவி காலமாகிவிட்டார், ஒரே மகள் ஆர்த்திகா கூலி வேலைக்குப் போகிறவள். கால் போனால் சேற்றில் இறங்க ஏலாது. வயல்வட்டையில் இறங்காத கோணாமலையை அந்த ஊர் கண்டதில்லை.

சுலோஜனா கழுத்தில் போடும் அட்டையைக் கொடுத்து, உதவி பெறுகிறவர்களிடம் தொண்டர்கள் எதையும் வாங்கக்கூடாது என்ற விதியையும் சொன்னாள். வேறெங்கோ ஒரு தொண்டர், அன்பளிப்பு என்று ஒரு வீட்டு ஆட்டுக்கடாவையே ஓட்டிக்கொண்டு போனாராம். அதிலிருந்து கொழும்பு அலுவலகம் போட்ட விதி அது. மிஸ்ஸுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தனக்காகவே எழுதின சட்டம் போல் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு அட்டையை மாட்டினார்.

முதல் நாள் போனபோது கோணாமலை சாக்குக் கட்டிலில் காலை நீட்டி இருந்தார். எழும்ப முடியவில்லை, குறை நினைக்கவேண்டாம் என்றார். ஆர்த்திகா பளபளவென்று புளிபோட்டு விளக்கிய பித்தளை வட்டாவில் வெற்றிலையும் பாக்கும் அடுக்கிக் கொண்டுவந்து மிஸ்ஸின் முன்னால் வைத்தாள். வீட்டுக்கு வந்தவருக்கு வட்டா வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம் என்பது மிஸ்ஸுக்குத் தெரியாததல்ல. ஆனால் அவர் வந்தது வேலைக்கு. வட்டாவை ஒரு விரலால் தள்ளிவைத்துவிட்டுக் கையுறையைப் போட்டார். மறுநாள் தேத்தண்ணி வந்தது. அதையும் மிஸ் தொடவில்லை, ஆடை கட்டி ஆறிப்போனது. கட்டுப் போட்டது மட்டும் அச்சொட்டாக இருந்தது.

மூன்றாம் நாள் படலை கட்டிக் கிடந்தது. அப்பா கன்னங்குடாவுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார் என்று ஆர்த்திகா நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். காலை ஊன்ற முடியாத மனிதர் கன்னங்குடாவுக்குப் போனாராம்! போனவர் உள்ளே இருந்து இருமுவதும் கேட்டது. அடுத்தடுத்த நாட்களிலும் அதே கதைதான். மிஸ்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புண் யாருடையது, கெஞ்சுவது யார்?

கடைசியில் சுலோஜனாவே நேரில் போய் விசாரித்துவிட்டு, மிஸ்ஸின் வீட்டுக்கு வந்தாள். சொல்வதா விடுவதா என்று சற்றுத் தயங்கினாள்.

"வட்டாவில கை வைக்காத ஆள் எண்ட காலில கை வைக்கப்படாதாம் மிஸ். அதுக்குக் கால் போனாலும் பறுவாயில்லையாம்."

மிஸ் குதித்தார். அழுகிற காலை வைத்துக்கொண்டு அந்த மனுசனுக்கு என்ன திமிர், நான் கண்ட நோயாளிகள் எத்தனை, இப்படி ஒருத்தரைக் கண்டதில்லை என்று பொரிந்து தள்ளினார். ஹேர்பர்ட் பேப்பரில் இருந்து தலையை நிமிர்த்தாமல், அந்தச் செங்கலடி மாங்காய் நல்ல சாதி மாங்காயா என்று மட்டும் கேட்டார்.  அன்று முழுக்க அந்தச் செங்கலடி மனுசியின் முகந்தான் மிஸ்ஸின் கண்ணுக்குள் நின்றது. அது வெட்கம் இல்லை என்று இத்தனை வருடம் கழித்து விளங்கியது. புருசனைக் காப்பாற்றித் தந்தவருக்குக் கொடுக்க அவளிடம் இருந்தது ஒரு மரத்து மாங்காய். அதையும் ஊர் பார்க்கத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தாயிற்று. நினைக்க நினைக்க மிஸ்ஸுக்கு நெஞ்சு கூசியது.

விடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்தார். கட்டிய படலைக்கு வெளியே நின்று, வார்ட்டின் அந்த மூலைக்கும் கேட்கிற அதே குரலில் கூப்பிட்டார்.

"கோணாமலை அண்ணன், நீங்க உள்ளுக்கு இருக்கிறது எனக்குத் தெரியும். நான் வெத்திலை போட வந்தனான். வட்டாவ வைக்கச் சொல்லுங்க. மறுகா மத்ததப் பார்ப்பம்."

 ஆர்த்திகா ஓடிவந்து படலையை அவிழ்த்தாள். வட்டா வந்தது. வாழ்நாளில் வெற்றிலை போட்டறியாத மிஸ் ஒரு வெற்றிலையை எடுத்து, பாக்குச் சீவல் வைத்து மென்றார். பாக்கு நெஞ்சைப் பிடித்து, தலை கிறுகிறுவென்று சுற்றிக் கண்ணால் தண்ணீர் வந்தது. கோணாமலைக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை. சிரித்துக்கொண்டே காலை நீட்டினார்.

கட்டை அவிழ்த்ததும் சிரிப்பெல்லாம் போய்விட்டது. படலை கட்டிக் கிடந்த நாட்கள் சும்மா போகவில்லை. சுண்டுவிரல் கறுத்திருந்தது. ஓட்டோ ஒன்றைப் பிடித்துக் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பழகிய இடம், பழகிய முகங்கள். யாரையெல்லாம் அதட்ட வேண்டுமோ அதட்டினார். சத்திர சிகிச்சை நிபுணர் சுண்டுவிரலை எடுத்துவிட்டுக் காலைக் காப்பாற்றித் தந்தார். அந்த விரல் தன் கணக்கில்தான் போனது என்று மிஸ்ஸுக்குத் தெரியும். வார்ட்டின் பின்பக்கம் போய், தாதிகள் முகம் கழுவும் இடத்தில் நின்று அழுதார். திரும்பி வந்தபோது கோணாமலைதான் ஆறுதல் சொன்னார். சேற்றை மிதிக்கச் சுண்டுவிரல் தேவையில்லையாம்.

அதற்குப் பிறகு ஞாயிறு, போயா விடுமுறை என்று பாராமல் மிஸ்ஸின் ஸ்கூட்டி பாலம் தாண்டியது. முதலில் வட்டா, பிறகு கட்டு. திரும்பிப் போகும்போது கையில் அவர்கள் தந்த ஏதாவது ஒன்று. முருங்கைக்காய் ஒரு கட்டு, வாவியில் பிடித்த செத்தல் என்கிற மீன், ஒருநாள் அவித்த பனங்கிழங்கு. மிஸ் எல்லாவற்றையும் வாங்கினார். வாங்கிப் பழகாத கை முதலில் கூச்சப்பட்டது, பிறகு பழகிவிட்டது. கிறிஸ்மஸுக்கு ஒரு பெரிய கேக் பாலம் தாண்டி அந்தப் பக்கம் போனது. புண் மெல்ல மெல்லச் சிவந்து, சுருங்கி, ஓரத்தில் இருந்து தோல் மூடிக்கொண்டு வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க மிஸ்ஸுக்குப் புதிதாகப் பிறந்த பிள்ளையைப் பார்ப்பது போல இருந்தது. கால் தப்பிவிட்டது.

மாசி மாதத்தில் கொழும்பில் இருந்து ஓர் அதிகாரி, தொண்டர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்க்க வந்தார். நல்ல மனிதர்தான், மரியாதையாகப் பேசினார். ஆனால் அவர் சுலோஜனாவோடு வந்து இறங்கிய நேரம், ஆர்த்திகா ஒரு முட்டித் தயிரை ஸ்கூட்டியின் முன்பக்கத்தில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். மிஸ்ஸின் வாயோ செக்கச்செவேலென்று இருந்தது. சுலோஜனா கண்ணை மூடிக்கொண்டாள்.

இந்த வீட்டில் ஏதாவது வாங்கியிருக்கிறீர்களா என்று அதிகாரி தயங்கித் தயங்கிக் கேட்டார். இல்லை என்றால் அவரே நம்பிவிடத் தயாராக இருந்தார்.

"ஓம் சேர், எடுத்திருக்கன்," என்றார் பிறிசில்லா மிஸ். "ஒவ்வொரு நாளும் எடுத்திருக்கன்."

அப்படியானால் தயிரையாவது திருப்பிக் கொடுத்துவிடுங்கள், மற்றதைப் பேசிக்கொள்ளலாம் என்றார் அதிகாரி.

மிஸ் கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். "ஒருக்கா ஒரு பை மாங்காயைத் திருப்பிக் குடுத்தனான் சேர். திருப்பிக் குடுத்தது அதோட போதும்."

முப்பத்து நாலு வருடப் பெருமையை அந்த முற்றத்தில் இறக்கி வைத்துவிட்டு, அதைவிடப் பெரிய ஒன்றோடு நிமிர்ந்து நின்றார் அந்த மனுசி. அதிகாரியால் விதியை மாற்ற முடியாது. அன்று பின்னேரமே சுலோஜனா போனில் கோல் எடுத்து, மிஸ்ஸை முதியோர் இல்லத்துக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார்கள், வவுணதீவுக்கு வேறு ஆளைத் தேடவேண்டும் என்று அழாக்குறையாகச் சொன்னாள். முதியோர் இல்லத்துக்குப் பின்னேரங்களில் வருகிறேன் என்றார் மிஸ். காலையில் தனக்குச் சொந்த வேலை கிடக்கிறதாம்.

மறுநாள் காலை மிஸ்ஸின் கழுத்தில் அட்டை இல்லை. செய்தி அவருக்கு முன்னமே பாலம் தாண்டியிருந்தது. படலை அகலத் திறந்து கிடந்தது. ஆர்த்திகா வாசலில் வெறுங்கையோடு நின்றாள். உள்ளே போகப் பார்த்த மிஸ்ஸை, அங்கேயே நில்லுங்கள் என்று கையால் மறித்தாள்.

வீட்டுக்குள் இருந்து கோணாமலை வந்தார். ஊன்றுகிற பொல்லு இல்லை, மகளின் தோள் இல்லை. இரண்டு கையிலும் வட்டாவைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக ஊன்றி, படி இறங்கி முற்றத்துக்கு வந்தார். தாதியின் கண் என்ன செய்யும், காலைத்தான் பார்த்தது. குதிக்கால் சரியாகப் பதிந்தது. நாலு விரலும் நிலத்தைப் பிடித்தன.  அறுபத்தொரு வயது வரை வாங்கிய பாராட்டு, கேட்ட கைதட்டல் எல்லாம் இதற்குப் பக்கத்தில் வரமாட்டாது என்று மிஸ்ஸுக்குத் தோன்றியது.

"வந்த முதல் நாள் எழும்பி நிண்டு வாங்க எண்டு சொல்ல ஏலாமப் போச்சு," என்றார் கோணாமலை. "வாங்க தங்கச்சி. வெத்திலை எடுங்க."

மருந்துப் பெட்டியை ஸ்கூட்டியிலேயே விட்டுவிட்டு, பிறிசில்லா மிஸ் இரண்டு கையாலும் எடுத்தார்.