பஞ்சலிங்கம் வாத்தியாரின் குட்டு

பஞ்சலிங்கம் வாத்தியார் நல்ல மனிதர் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஊருக்கு வேறு வேலை இல்லை. வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, திருவிழாவில் முதல் வரிசை. யாழ்ப்பாணத்தில் ஒருவர் நல்லவராக இவ்வளவும் போதும். நான் அவரிடம் நாலாம் வகுப்புப் படித்தவள். என்னைக் கேட்டால் வேறு கதை சொல்வேன்.

அவரிடம் பிரம்பு இருந்ததில்லை. "நான் பிள்ளையளுக்குக் கை நீட்டாதவன்" என்று பெருமையடித்துக்கொள்வார். உண்மைதான். அவர் எங்கள் கைகளைத்தான் நீட்ட வைத்தார். வாய்பாட்டில் ஒரு கேள்வி கேட்பார். தெரியாதவர்கள் எழும்பி நிற்க வேண்டும். சரியாகச் சொன்ன பிள்ளை போய், நிற்கிற எல்லாருடைய தலையிலும் குட்ட வேண்டும். அந்தச் சத்தம் அவர் சாய்ந்திருக்கிற கதிரை வரைக்கும் கேட்க வேண்டும். கேட்காவிட்டால், எப்படிக் குட்டுவது என்று குட்டியவளின் தலையிலேயே காட்டித் தருவார். அது அடி இல்லையாம், படிப்பித்தலாம்.

அறுபத்து நாலாம் ஆண்டு என் அக்கா மகாதேவியும் என்னோடு அதே வகுப்பில் இருந்தாள். நெருப்புக் காய்ச்சல் வந்து ஒரு வருடப் படிப்பை விட்டவள். நான் இருந்தது முதல் வாங்கில், அவள் இருந்தது கடைசி வாங்கில். வீட்டில் வாய்பாட்டைக் கடகடவென்று சொல்வாள். வாத்தியாருக்கு முன்னால் அவளுக்கு நாக்கு எழும்பாது. முதல் தடவை அவள் தலையை மெல்லத் தொட்டுவிட்டுத் திரும்பினேன்.

"சத்தம் கேக்கேல்லை. இஞ்சை வா" என்றார் வாத்தியார்.

காட்டித் தந்தார். கண்ணுக்குள் பூச்சி பறந்தது. அடுத்த நாள் நான் அக்காவுக்குக் குட்டியது கதிரையையும் தாண்டிக் கேட்டது. "கெட்டிக்காரி" என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

காலையில் எனக்குத் தலை பின்னிவிடுவது அக்காதான். நான் குட்டிய மறுநாளும் பின்னிவிட்டாள். ஆனால் பள்ளிக்கூடம் போகும் நேரம் வந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். அம்மா நாவூறு என்று உப்பும் மிளகாயும் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டார். ஐயா புகையிலைத் தோட்டத்து வரம்பில் வெட்டிய ஒரு வாழைக்குலையோடு வாத்தியாரிடம் போனார்.

"கண்ணை மட்டும் விட்டிட்டு மற்றதை நீங்கள் பாத்துக்கொள்ளுங்கோ, வாத்தியார்."

எங்களைப் பெற்றவர்களின் அன்பு அப்படி. பிள்ளையை எவன் வதைக்கிறானோ அவன் வீட்டுக்கே குலை போகும்.

அக்காவுக்குப் படிப்பை விட மனமில்லை. தோட்டத்து வரம்பில் இருந்து பதினாறாம் வாய்பாடு வரைக்கும் பாடமாக்கினாள். "ஒருக்காச் சரியாச் சொல்லிப்போட்டனெண்டால் பிறகு பயம் போயிடும், நாகேஸ்" என்றாள். அந்த ஒரு தடவையைத்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

அது வந்தது. "பதினாறு பதினாறு எவ்வளவு?" என்று வாத்தியார் முதல் வாங்கிலிருந்து கேட்டுக்கொண்டு போனார். முதலில் இருந்தது அவருடைய மகள் பராசக்தி. வேறு பள்ளிக்கூடத்திலிருந்து அந்தத் தவணைதான் வந்திருந்தாள். அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. வாங்கு வாங்காக எழும்பி நின்றோம். கடைசியாக அக்கா.

"இருநூற்றைம்பத்தாறு, சேர்."

குரல் நடுங்கவில்லை. குட்டுவதற்காக முன்னுக்கு நடந்து வந்தாள். அவளை அவ்வளவு மலர்ந்த முகத்தோடு அந்த வகுப்பில் நான் கண்டதேயில்லை.

வாத்தியார் தொண்டையைச் செருமினார். "பராசக்தியை விடு. அவள் புதுசு. மற்றவைக்குக் குட்டு."

அடுத்ததாக நின்றது நான். கண்ணை மூடித் தலையைக் குனிந்தேன். அக்காவிடம் எத்தனையோ குட்டு வாங்க வேண்டியவள் நான். ஒன்றும் விழவில்லை.

"கை நோகுது, சேர்" என்று சொல்லிவிட்டு அக்கா போய்த் தன் இடத்தில் இருந்தாள்.

பிள்ளைகளுக்குக் கை நீட்டாத அந்தப் பெரிய மனிதர் அப்போதுதான் கதிரையை விட்டு எழும்பினார். கடைசி வாங்கு வரைக்கும் நடந்துபோய்க் குட்டினார். விடை சரி என்று ஒரு சொல் சொல்லவில்லை. "திமிர்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அக்கா எனக்குத் தலை பின்னிவிட்டாள். "நீ போ, நான் வரேல்லை" என்றாள். ஐயா அடித்துப் பார்த்தார், அம்மா அழுது பார்த்தார். அவள் அதற்குப் பிறகு பள்ளிக்கூடப் படலைக்குள் கால் வைக்கவில்லை. பத்து வயதில் தோட்டத்தில் களை பிடுங்கப் போனாள்.

நான் படித்து அதே பள்ளிக்கூடத்துக்கு ரீச்சராக வந்தேன். எண்பத்தொன்றில் பஞ்சலிங்கம் வாத்தியார் ஓய்வு பெற்றார். ஒலிபெருக்கி கட்டிப் பிரியாவிடை நடந்தது. ஐந்து பேர் பேசினார்கள். ஐந்து பேரும் அவர் பிள்ளைகளுக்குக் கை நீட்டாதவர் என்றார்கள். ஒருவருக்கும் நாக்குக் கூசவில்லை. பிறகு, பழைய மாணவி என்று என்னை மாலை போடக் கூப்பிட்டார்கள்.

அவர் எனக்கு முன்னால் தலையைக் குனிந்தார். வழுக்கைத் தலை என் கைக்கு நேரே இருந்தது. என் விரல்கள் தாமாகவே மடங்கின. அவர் பழக்கிய கை அல்லவா!

"கை நோகுது, சேர்" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். "என்ன பிள்ளை?"

"அக்கா மகாதேவி உங்களுக்குச் சொன்னது, சேர். நினைவிருக்கோ?"

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"எந்த மகாதேவி?" என்று கேட்டார்.

மாலையை மேசையில் வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கி வந்தேன்.