மெல்போர்னுக்குக் கேட்ட ஸ்டார்ட்டர் சத்தம்

மார்ச் மாதம் என் மனைவி மெல்போர்னுக்குப் போனாள். மகளுக்குப் பிரசவம். மூன்று மாதம் என்று சொல்லிப் போனவள், பேத்தியின் ஞானஸ்நானத்துக்காக இன்னும் மூன்று மாதம் தங்கினாள். பிறகு மகள் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று மறுபடியும் நீட்டித்தாள். போன நாளும் நீட்டித்த இரண்டு நாட்களும் என் டைரியில் கிழமையோடு இருக்கின்றன. வரும் நாள் மட்டும் இல்லை.

மதுக்கரையில் எங்கள் வீட்டை ஒட்டி அவளுடைய நாற்றுப்பண்ணை. தக்காளி, மிளகாய் நாற்றுகளைத் தட்டுத் தட்டாக பிக்கப் வண்டியில் அடுக்கி உடுமலைப்பேட்டை வரைக்கும் அவளே ஓட்டிப் போவாள். வண்டியின் நோவு எல்லாம் அவளுக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். நான் பஞ்சாலை அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓட்டத் தெரியும், அவ்வளவுதான். கிளம்பும்போது ஒரே ஒரு வேலைதான் சொல்லிவிட்டுப் போனாள்: "ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போயிட்டு வந்து ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி, கால் மணி நேரம் ஓட உடுங்க. இல்லீனா பேட்டரி செத்துப்போயிரும்."

ஐந்து மாதம் அப்படியே செய்தேன். பண்ணையில் காலித் தட்டுகள் அடுக்கியிருந்தன. பச்சை வலைக்குக் கீழே ஒரு செடி கிடையாது. அந்தக் கால் மணி நேரம் மட்டும் வீட்டில் அவள் இருக்கிற மாதிரி ஒரு இரைச்சல் இருக்கும்.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு வண்டி பிடிக்கவில்லை. சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றியது, என்ஜின் அசையவில்லை. நடுவில் இரும்பை இரும்பு அரைக்கும் ஓசை. பத்து முறை திருகினேன். பிறகு பக்கத்து வீட்டார் இரண்டு பேர் தள்ளிவிட, கியரில் விட்டு எடுத்தேன். அன்று அவளுக்கு போன் போட்டேன். வழக்கமாக எங்கள் பேச்சு ஐந்து நிமிடம். குழந்தையைக் காட்டுவாள், சாப்பிட்டாச்சா என்பாள், வைத்துவிடுவாள். அன்று முக்கால் மணி நேரம் பேசினாள்.

"டக்குன்னு ஒரு சத்தம் மட்டும் வருதுங்களா, இல்ல சுத்துதுங்களா?"

"சுத்துது. அரைக்குது."

"அப்ப பேட்டரி இல்லீங்க. மோட்டார்ல இருந்து முன்னால தாவி வர்ற குட்டிப் பல்சக்கரம் இருக்குது பாருங்க, பெண்டிக்ஸு, அது தேஞ்சிருக்கோணும். உக்கடத்து எலக்ட்ரீஷியன் பாயைக் கூப்புடுங்க. மறுபடி புடிக்கலீனா கியர்ல போட்டு ஒரு சாண் தள்ளிப் பாருங்க. நீங்களா எதையும் கழட்டாதீங்க சாமி."

அடுத்த ஞாயிறு ஒரே திருகில் பிடித்தது. அதற்கடுத்த வாரம் பிடிக்கவில்லை; பத்து முறை திருகிவிட்டு மறுபடி ஆள் வைத்துத் தள்ளித்தான் எடுத்தேன். நான் டைரியில் தனிப் பக்கம் ஒதுக்கி, கிழமை, நேரம், எத்தனை முறை திருகினேன், பிடித்ததா என்று கட்டம் போட்டு எழுதத் தொடங்கினேன். ஒவ்வொரு ஞாயிறும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். போனை என்ஜின் பக்கம் பிடிக்கச் சொல்லி அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அந்த முகத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். பாயைக் கூப்பிட மூன்று வாரம் தாமதித்தேன். ஏன் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆட்டோ எலக்ட்ரீஷியனான அந்த பாய் செப்டம்பரில் வந்தார். மோட்டாரைக் கழற்றி, தரையில் வைத்துக் காலால் அமுக்கிப் பிடித்து, பேட்டரி வயரைத் தொட்டுக் காட்டினார். குட்டிப் பல்சக்கரம் வெளியே தாவிச் சுழன்றது.

"பல்லெல்லாம் புதுசாட்டம் இருக்குதுங்க சார். இதுல ஒரு குறையுமில்ல. அம்மா எப்ப வர்றாங்க? அவுங்க இருந்தா என்னை ஏன் கூப்புட்டீங்கன்னு கேட்டிருப்பாங்க."

அவளேதான் உங்களைக் கூப்பிடச் சொன்னாள் என்றேன். சிரித்துக்கொண்டே மோட்டாரை மறுபடி மாட்டினார். முதல் திருகில் பிடித்தது. அடுத்த ஞாயிறு மீண்டும் அதே அரைப்பு.

அன்று அவளுக்கு அலுத்துவிட்டது. பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது. "எதுக்குங்க இந்த ரோதனை? பேசாம வித்துப்போடுங்க."

எல்லாவற்றையும் எழுதுகிற நான் அந்த வாக்கியத்தை எழுதவில்லை. வண்டி போனால் நாற்று இல்லை. நாற்று இல்லாவிட்டால் அவளுக்கு இங்கே என்ன இருக்கிறது என்று யோசித்தேன். நான் இருந்தேன். ஆனால் என்னைப் பார்க்க வா என்று முப்பத்து நாலு வருடத்தில் ஒரு தடவையும் சொன்ன பழக்கமில்லை.

அந்த வாரம் முழுவதும் கட்டம் போட்ட பக்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் புலப்படவில்லை. கடைசியில் அதைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அவளே அழைத்தாள்.

"ஏனுங்க, ஒரே நாள்ல ஒருக்கா புடிக்காம, அடுத்த திருகுல புடிச்சிருக்குதுங்களா?"

பார்த்தேன். இல்லை. பிடித்தால் முதல் திருகிலேயே பிடித்திருக்கிறது. பிடிக்காத நாளில் பத்து திருகிலும் பிடிக்கவில்லை.

"அப்ப ஸ்டார்ட்டர் மேல தப்பில்ல. என்ஜின் பக்கம் பெரிய சக்கரத்துல மாட்டியிருக்கற பல்வளையம்தான். அதுல ஒரு எடத்துல மட்டும் பல்லு போயிருச்சு. என்ஜின் அந்த எடத்துல வந்து நின்னுதுன்னா, நீங்க ராத்திரி வரைக்கும் திருகுனாலும் புடிக்காது. மொதல் வாரமே கியர்ல போட்டு ஒரு சாண் தள்ளிப் பாருங்கன்னு சொன்னனே, தள்ளுனீங்களா?"

தள்ளவில்லை. பத்துத் திருகும் முடியும் முன் வண்டியை அசைத்தால் குறிப்பு கெட்டுவிடும், உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்று நினைத்தேன். அதைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் திரை ஆடியது. "டைரி கெட்டுப்போயிருமுன்னு வண்டியைத் தள்ளாத ஆளு இந்த ஜில்லாவுலயே நீங்க ஒருத்தருதான்!"

அடுத்த முறை பிடிக்காதபோது நாலாவது கியரில் போட்டு, தோளைக் கொடுத்து ஒரு சாண் நகர்த்தினேன். நியூட்ரலுக்கு மாற்றித் திருகினேன். பிடித்தது.

அந்தப் பல்வளையத்தை எடுக்க நவம்பரில் பட்டறையில் கியர்பாக்ஸை இறக்கினார்கள். வளையத்தில் ஒரு கை அகலத்துக்குப் பற்களின் முன்விளிம்பு மழுங்கிக் கிடந்தது. லேத் பட்டறையில் அதைச் சூடாக்கிக் கழற்றி, மறுபக்கம் முன்னால் வரும்படி திருப்பி மாட்டினார்கள். வண்டி வீட்டுக்கு வந்த ஞாயிறு, பூசை முடிந்ததும் அவளை அழைத்தேன். வீடியோ வேண்டாம், சத்தம் மட்டும் போதும் என்றாள்.

திருகினேன். பிடித்தது.

"அணைச்சுப்போட்டு மறுபடி போடுங்க."

பிடித்தது. இன்னொருக்கா என்றாள். அப்படியே ஆறு முறை. ஒவ்வொரு முறையும் சரி என்று எனக்குத் தெரிந்தும், அவள் சொல்லச் சொல்ல அணைத்துப் போட்டேன். இனி இந்த ஞாயிறுகளில் பேச என்ன இருக்கும் என்ற பயம் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. ஆறாவது முறை என்ஜினை ஓடவிட்டேன்.

"விக்க வேண்டாங்க," என்றாள்.

"நான் யாருகிட்டயும் சொல்லவே இல்ல அம்மணி."

"தெரியும். பிப்ரவரி கடைசியில வண்டியைக் காட்டி எஃப்சி புதுப்பிக்கற நாள் வருது பாருங்க. ஏஜெண்டுகிட்டக் குடுத்துப்போடாதீங்க. ஆர்டிஓ ஆபீசுக்கு நானே கொண்டுபோறேன்."

"அப்போ பிப்ரவரியில..." என்று தொடங்கினேன்.

"மொதல்ல வண்டியை அணைங்க. டீசல் சும்மா எரியுது."

அணைத்தேன். பிப்ரவரிக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.