மெஸ்ஸில் அழிந்த பலகை

முப்பத்தெட்டு வயதுக்குள் எத்தனையோ ஊர்களில் வேலை பார்த்து, எங்கும் நிலைக்காதவன் நான். போன வருடம்தான் ஒரு டாக்டர் எனக்கு ஆஸ்பெர்ஜர் என்ற ஆட்டிச வகை இருப்பதாகச் சொன்னார்.

என்னைப் போன்றவர்களுக்கு அன்றாட வேலைகளை எளிதாக்கித் தரும் ஆக்குபேஷனல் தெரபி மேடம் ஒருவரை அவர் அனுப்பினார். அவர், செங்கம் சாலையில் நான் பாத்திரம் கழுவும் மெஸ்ஸுக்கு வந்து ஒரு நாள் முழுக்கக் கவனித்தார். அதன் இரைச்சலில் நான் தடுமாறுவதைப் பார்த்து, கிரைண்டரைத் தள்ளி வைக்கச் சொன்னார். என் வேலைகளை வரிசையாக ஒரு கரும்பலகையில் எழுதி மாட்டினார். நான்கு மாதம் ஒழுங்காக ஓடியது.

ஒரு பௌர்ணமியில், கிரிவலக் கூட்டத்துக்காக முதலாளி அந்தப் பலகையை அழித்து, இட்லி, பொங்கல் விலையை எழுதி வாசலில் வைத்துவிட்டார்.

"என் பலகை எங்கண்ணே?"

"இன்னிக்கு ஒரு நாளு மனசுல வெச்சிக்கினு செய்யேன்பா!"

ஐந்து பேர் ஐந்து வேலை சொன்னார்கள். எதை முதலில் செய்வதென்று தெரியாமல், கையிலிருந்த தட்டுகளைத் தரையில் எறிந்துவிட்டுப் பையோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். நான் வேலையை விடுவது எப்போதும் இப்படித்தான்.

பெங்களூர் பஸ்ஸில் உட்கார்ந்து மேடத்துக்கு போன் செய்தேன்.

"பலகை எதுக்குன்னு அவர்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டார்.

"நீங்க சொல்லலியா மேடம்?"

"நானே சொல்லிக்கிறேன்னு நீங்கதான சொன்னீங்க?"

உண்மைதான். வெட்கத்தில் அப்படிச் சொல்லிவிட்டு, நான்கு மாதமாக வாயே திறக்கவில்லை.

இறங்கித் திரும்பி வந்தேன். "பலகை இல்லன்னா எனக்கு அடுத்த வேலை எதுன்னு புரியாதுண்ணே" என்றேன்.

முதலாளி முறைத்தார். "இத அன்னிக்கே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன? அந்தம்மா ஏதோ அழகுக்கு மாட்டினாங்கன்னு இருந்தேன்." காலண்டர் தாளைக் கிழித்து நீட்டினார். "மொதல்ல தட்ட பொறுக்கணும்னு எழுது."

அவர் பலகையை அழித்த எரிச்சல் இன்னும் போகவில்லை. இதற்கு முன் நான் விட்டுவந்த முதலாளிகளில் எத்தனை பேர், சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்களோ என்று நினைக்கும்போதுதான் அதைவிட எரிகிறது.