கம்பளத்தில் விழுந்த குங்குமம்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, மருமகளின் அம்மாவை அழைத்துவர மகனும் மருமகளும் தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போயிருந்தார்கள். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அவர் எங்கள் மாடம்பாக்கம் வீட்டுக்கு வருவது அதுதான் முதல் தடவை. பாளையங்கோட்டையில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். பெண் எங்கள் வீட்டுக்கு வந்ததில் அவருக்குச் சம்மதமில்லை. கல்யாணத்துக்கு வரவில்லை. வெளிர் நிறத்தில் ஒரு கம்பளத்தை மட்டும் பார்சலில் அனுப்பினார். அன்றும் சாயங்கால வண்டிக்கே திரும்ப டிக்கெட் எடுத்திருந்தார்.

அந்தக் கம்பளத்தின் மேல் செருப்புக் காலோடு யாரும் போக முடியாது. வாக்யூம் மெஷின் போடுவது என் வேலை. வாரம் இரண்டு தடவை. எப்படிப் பிடிப்பது என்று மருமகள்தான் சொல்லிக்கொடுத்தாள்.

"ஓரத்துக் குஞ்சத்துக்கிட்ட மட்டும் போயிடாதீங்க மாமா, முழுங்கிடும்."

ஒரு பக்கமே வெயில் பட்டு வெளுக்காமல் இருக்க, மாதம் ஒருமுறை இருவரும் சேர்ந்து அதைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போடுவோம்.

நான் குரோம்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவன். அங்கே பூஜையன்று மெஷினின் தலையில் வைப்பதைவிட, அது வேலை செய்கிற இடத்தில் பொட்டு வைப்பதுதான் வழக்கம். அந்தப் பழக்கத்தில் முந்தின நாள் வாக்யூம் மெஷினுக்கும் மேலே ஒன்று, தரையில் உருள்கிற பிரஷ்ஷில் இரண்டு என்று சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தேன்.

சம்பந்தியம்மா வருகிறாரே, இன்னொரு தடவை சுத்தம் செய்துவிடலாம் என்று அன்று காலை மெஷினை ஓட்டினேன். பொட்டு நினைவிலேயே இல்லை. பின்னால் திரும்பிப் பார்த்தால் கம்பளத்தின் நடுவில் இரண்டு சிவப்புக் கோடுகள். பதறிப்போய் ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தேன். கோடு போய், உள்ளங்கை அகலத்துக்கு ரோஸ் நிறத்தில் கறை பரவியது.

போன் அடித்தது. மகன். "கிளம்பிட்டோம்பா. ஆட்டோல இருக்கோம்."

கம்பளத்தை அதேபோல் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். கறை நடுவில் இருந்ததால் அங்கேயேதான் இருந்தது. மூலையிலிருந்த நாற்காலியை இழுத்து அதன் மேல் போட்டேன். நாற்காலியின் முன்கால்களுக்கு வெளியே கறை தெரிந்தது. வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டதும் நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தால் மறைத்துக்கொண்டேன்.

விருந்தாளி வந்தால் வணக்கம் சொல்லிவிட்டு என் அறைக்குள் போய்விடுகிறவன் நான். அன்று எழுந்திருக்கக்கூட இல்லை. உட்கார்ந்தபடியே கை கூப்பினேன். சம்பந்தியம்மாவின் முகம் சுருங்கியது. பையைக் கதவோரமே வைத்துவிட்டு சோபா நுனியில் உட்கார்ந்தார். மருமகள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. காபி வந்தது.

அவர் கம்பளத்தைப் பார்த்தார். "புதுசு மாதிரியே வச்சிருக்கியே."

"எல்லாம் மாமாதாம்மா. என்னைவிட அவர்தான் பார்த்துக்கிறார்" என்றாள் மருமகள். குரலில் கெஞ்சல் இருந்தது.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எழுந்து நாற்காலியைத் தள்ளினேன். "நான்தாம்மா கெடுத்துட்டேன். மெஷினுக்குப் பொட்டு வச்சேன். அது இதுல ஒட்டிடுச்சு. அதான் எழுந்திரிக்காம உக்காந்திருந்தேன்."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். சம்பந்தியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"தண்ணி வச்சுத் தேச்சீங்களோ?"

"ஆமாம்மா."

"தூளா இருக்கும்போதே மெஷின்ல உறிஞ்சி எடுத்திருக்கணும். எங்கே அந்த மெஷின்?"

கொண்டுவந்தேன். மேலே வைத்த பொட்டு அப்படியே இருந்தது. அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பொட்டோட நிறுத்திட்டீங்களே அண்ணாச்சி. ஒரு மாலையும் போட்டிருக்கலாம்லா?"

மகன்தான் முதலில் சிரித்தான்.

அவர் எழுந்துபோய்க் கதவோரம் இருந்த பையைத் திறந்து, ஒரு பழைய வெள்ளைத் துண்டை எடுத்தார். மகளிடம் வினிகர் கேட்டார். கொஞ்சம் தண்ணீரில் கலந்து, துண்டில் நனைத்து, கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்ற ஆரம்பித்தார். "தேய்க்காதீங்க. ஒத்தணும்" என்று துண்டின் மறுமுனையை என்னிடம் கொடுத்தார்.

மதியம் வரை ஒற்றினோம். கறை முழுக்கப் போகவில்லை. "இது காய்ஞ்சு, நாளைக்கு இன்னொரு தடவ ஒத்தணும்" என்றார். மருமகள் மகனிடம் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணச் சொன்னாள். சம்பந்தியம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை.