சர்க்கரை ஒட்டிய அட்டைகள்

லோர்னா பெக்காலா ஒஹையோவின் வடகோடியில் கவுண்டி சாலைத் துறையின் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவள். கோபம் வந்தால் கத்தமாட்டாள். கையுறையைக் கழற்றி மேசைமேல் வைப்பாள். எதிரில் இருப்பவர் பேச்சை மாற்றிவிடுவார்.

அவளோடு லாரி ஓட்டும் ஏர்லின் விசாரணையன்று கையுறை மேசைக்கு வந்தது. பனிமூட்டத்தில் யார் வீட்டுத் தபால்பெட்டியையோ இடித்ததற்காக அவனைச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவனுக்காகப் பேசவேண்டிய தொழிற்சங்கப் பிரதிநிதி கிளென் வரவேயில்லை.

"வேற கூட்டம் இருந்துச்சு லோர்னா," என்றான் போனில்.

"இனிமே எங்க கூட்டமே உனக்கு இருக்காது. நிம்மதியா இரு."

சங்கத்தை நீக்க வழி உண்டு. பத்துக்கு மூன்று பேராவது அட்டையில் கையெழுத்திட்டுக் கேட்டால் மாநிலத் தொழிலாளர் வாரியம் ரகசிய வாக்கெடுப்பு நடத்தும். ஒப்பந்தம் முடியுமுன் வரும் ஒரு சின்ன இடைவெளியில்தான் கேட்க முடியும். தவறினால் புது ஒப்பந்தம், மறுபடி வருஷக்கணக்கில் கிளென். லோர்னா அட்டைகளை அச்சடித்து ஏர்லிடம் கொடுத்திருந்தாள்.

லோர்னா சாலையில் இருந்த ஒரு காலை, மேலாளர் ட்வைட் தன் அறையைத் திறந்துவிட்டு டோனட்டும் வாங்கி வைத்தார். வேலை நேரத்திலேயே எல்லோரும் கையெழுத்திட்டோம். உதிரிபாக அறையிலிருந்து நானும் ஓடிப்போய்ப் போட்டேன்.

திரும்பி வந்தவள் அட்டையைத் தடவிப் பார்த்தாள்.

"என்னடா இது, பிசுபிசுன்னு?"

"டோனட் சர்க்கரை. ட்வைட் வாங்கிக் குடுத்தாரு," என்றான் ஏர்ல், பெருமையாக.

கையுறை மேசைக்கு வந்தது. அட்டைகளை மொத்தமாகக் கிழித்தாள்.

"பைத்தியமா உனக்கு? வெள்ளிக்கிழமையோட கெடு முடியுது," என்றான் ஏர்ல்.

"முதலாளி கை பட்டா மனு செல்லாது. கிளென் மோப்பம் பிடிச்சா போதும், எல்லாம் குப்பை. அவரு எதுக்கு டோனட் வாங்குறாரு? உன்மேல ஆசையா?"

வேலை முடிந்தபின், பௌலிங் கூடத்தின் வண்டி நிறுத்தத்தில், புது அட்டைகளில் கையெழுத்திட அவள் பிக்கப் வண்டியின் முன்மூடியே மேசையானது. குளிரில் மை உறைந்தது. பேனாக்களை அக்குளில் வைத்துச் சூடேற்றித் தந்தாள். என் முறை வந்தபோது தயங்கினேன். வேலை போனால் நான் ஊருக்கு என்ன சொல்வது?

"பயமா இருந்தா போடாத."

"பயமாத்தான் இருக்கு."

"எனக்கும்தான். இந்தக் கோட்டுல போடு."

வெள்ளிக்கிழமை மனு போய்ச் சேர்ந்தது. மேலாளரின் தூண்டுதல் என்று கிளென் ஆட்சேபித்தான். ஒரு அட்டையில்கூட அதற்குத் தடயமில்லை. சில வாரங்களில் ஓய்வறையில் வாக்கெடுப்பு நடந்தது. சங்கம் தோற்றது.

ட்வைட் டோனட் பெட்டியோடு வந்தார். "இனி நாமெல்லாம் ஒரே குடும்பம்."

"அப்ப ஏர்ல் சம்பளத்தைத் திருப்பிக் குடுங்க."

அவர் சிரித்தார். "அதைப் பேச இனி உங்களுக்கு யாரு இருக்கா லோர்னா?"

லோர்னா கையுறையைக் கழற்றி டோனட் பெட்டியின்மேல் வைத்தாள்.

"ஒரு வருஷத்துக்கு இன்னொரு வாக்கெடுப்பு கிடையாதாம். எங்களுக்குன்னு சொந்தச் சங்கம் கட்ட அந்த வருஷம் போதும். கிளென் மாதிரி வெளியாள் வேண்டாம். நானே வந்து உங்க எதிர்ல உக்காருவேன்."

ட்வைட் ஜன்னலைப் பார்த்தார்.

"இன்னைக்குப் பனி கொட்டும்போல இருக்கே," என்றார்.