கோர்ட்டுக்குள் அக்காவின் நாற்காலி

அக்கா பிறந்தது மந்தைவெளியில், பறக்கும் ரயில் வருவதற்கு வெகுகாலம் முன்பு, பல குடித்தனங்கள் சேர்ந்திருந்த ஒரு சந்து வீட்டில். அப்பா பேருந்து நடத்துநர். அம்மா வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து ரவிக்கை தைத்துக் கொடுப்பார். பிள்ளைகள் அக்காவும் நானும்தான். அப்பா காலமானபோது அக்கா கல்லூரியில் இறுதியாண்டு. அழுது முடிப்பதற்குள் வங்கித் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்துவிட்டார். அந்த வேலைதான் என்னைப் படிக்க வைத்தது, அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை செய்தது, என் கல்யாணத்தை நடத்தியது. உறவினர்களாகிய உங்களுக்கு இது தெரியாததல்ல. அக்காவைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "குடும்பத்தையே தூக்கி நிறுத்தினவ" என்றுதான் ஆரம்பிப்பீர்கள். உண்மைதான். ஆனால் அதைச் சொல்லி அக்கா பெருமைப்பட்டு நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அவர் பெருமைப்பட்ட விஷயம் வேறு. அதை எழுதத்தான் அக்காவின் நினைவு மலரில் இந்தப் பக்கங்களைச் சண்டை போட்டு வாங்கியிருக்கிறேன்.

முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு மருத்துவர் அக்காவைத் தினமும் நடக்கச் சொன்னார். ஒரு வாரம் நடந்தார். "ஒரே போர்டி" என்று நிறுத்திவிட்டார். கோட்டூர்புரத்தில் ஆற்றை ஒட்டி ஒரு சிறிய டென்னிஸ் கிளப் இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்தார். கூட ஆட யாரும் இல்லாததால் சுவரோடு ஆடினார். பள்ளிக்கூடம் போகும் பையனை வைத்துக்கொண்டு இந்த வயதில் மட்டையும் பந்துமாக அலைகிறாளே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சிலர் பேசினார்கள். யார் யார் என்று எழுதினால் இந்த மலரே போதாது. அக்காவின் கணவர், எங்கள் மாமா, எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விடிவதற்கு முன்பே எழுந்து பிளாஸ்கில் காபி ஊற்றிக் கொடுத்து அனுப்புவார்.

அக்கா ஆடுவதோடு நிற்கவில்லை. வங்கியில் விடுப்பெடுத்துப் பயிற்சியாளர் தேர்வு எழுதித் தேறினார். கிளப்பில் பெண்களுக்கென்று ஒரு காலை வகுப்பை ஆரம்பித்தார். வந்தவர்கள் யாரும் சின்னப் பெண்கள் அல்ல. வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளை பெற்றவர்கள், முட்டி வலிக்காரர்கள். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

மற்ற கோச்சுகள் முதல் சர்வில் ஆரம்பிப்பார்கள். அக்கா, அது தவறினால் கிடைக்கும் இரண்டாவது சர்வில் ஆரம்பிப்பார். முதல் சர்வ் உன் ஆசை, இரண்டாவதுதான் உன் ஆட்டம் என்பார். அது கை நடுங்காமல் விழுகிற வரைக்கும் முதல் சர்வைத் தொடவே விடமாட்டார். யாராவது கோட்டைக் குறிவைத்து அடித்தால் போச்சு. "கோட்டுக்கு ரெண்டு முழம் உள்ள குறி வைம்மா. நீ நெனைக்கிற எடத்துக்கா பந்து போகப்போவுது?" என்பார். சிரித்துக்கொண்டே திருத்திக்கொள்வோம். பாயிண்ட் போனால் வலைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, ஒரு மூச்சு விட்டு, அடுத்த பந்தை எங்கே போடுவது என்று முடிவு செய்த பிறகே திரும்ப வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கண்டிப்பான விதி ஒன்று உண்டு. கோர்ட்டில் சாரி சொல்லக் கூடாது. நம்மூர்ப் பெண்கள் இரட்டையர் ஆட்டம் ஆடினால் பந்து சத்தத்தைவிட சாரி சத்தம்தான் அதிகம். பந்து வலையில் பட்டால் சாரி, வெளியே போனால் சாரி. உடனே கூட ஆடுகிறவள் பரவாயில்லப்பா என்று சமாதானம் சொல்ல வேண்டும். இந்த உபசாரம் முடிவதற்குள் எதிராளி அடுத்த சர்வைப் போட்டுவிடுவாள், இரண்டு பேருமே தயாராக இருக்கமாட்டார்கள். சாரி சொல்கிற நேரத்தில் அடுத்து எங்கே நிற்பாய் என்று சொல் என்பார் அக்கா. மீறியவர்கள் கோர்ட்டைச் சுற்றி ஓட வேண்டும். அதிகம் ஓடியது நான்தான்.

இனி அந்த நாற்காலிக்கு வருகிறேன். நகரத்து கிளப்புகளுக்கு இடையே ஒரு லீக் போட்டி உண்டு. இரண்டு ஒற்றையர் ஆட்டம், ஒரு இரட்டையர் ஆட்டம். ஆட்டத்தின்போது வலைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள். பக்கம் மாறும் இடைவேளையில் ஆட்டக்காரரோடு பேச அந்த நாற்காலியில் இருப்பவருக்கு மட்டுமே அனுமதி. வேலிக்கு வெளியே இருப்பவர்கள் வாய் திறக்கக் கூடாது. எங்கள் அணியின் நாற்காலியில் எப்போதும் கிளப் செயலாளர்தான் உட்காருவார். நல்ல மனிதர். கோர்ட்டுக்குத் தன் கையாலேயே கோடு போடுவார். ஆனால் அவருக்குத் தெரிந்த ஒரே யோசனை, தைரியமா நல்லா அடிங்கம்மா என்பதுதான். நாங்கள் அடிப்போம். பந்து ஆற்றுப் பக்கம் போகும். அக்கா வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளியே நிற்பார்.

ஒருமுறை அந்த நாற்காலியைத் தனக்குத் தரச் சொல்லி அக்கா கேட்டார். கிளப்புக்கு ஒரு கோச் இருக்கிறாரே, நீங்கள் லேடீஸைப் பார்த்துக்கொள்கிறீர்கள், அவ்வளவுதானே என்றார் செயலாளர். வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் அக்கா, "பாத்துக்கறதுக்கு நான் என்ன ஆயாவாடி?" என்றார். அப்பாவின் சாவுக்கே ஓரளவுதான் அழுதவர். அன்று அவர் கண் கலங்கியது.

அந்த ஆண்டு எங்கள் அணி தோற்றுக்கொண்டே வந்தது. கடைசி ஆட்டத்திலும் தோற்றால் பெண்கள் அணியையே கலைத்துவிடுவதாகக் கமிட்டியில் முடிவெடுத்துவிட்டார்கள். அணி போனால் அக்கா யாருக்கு கோச்? நாங்கள் எல்லோரும் ஒன்று கூடி, அக்காவை உட்கார வைத்தால்தான் ஆடுவோம் என்று சொல்லலாம் என்றோம். அக்கா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். ஆடாமல் ஜெயிப்பதற்கு நான் சொல்லித் தரவில்லை என்றார். அதற்குப் பதிலாக, இரட்டையர் ஆட்டத்தில் என்னோடு தானே ஆடப்போவதாகச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தேய்ந்துபோன முட்டியை வைத்துக்கொண்டு எப்படி ஆடுவாய் என்றேன்.

"நாற்காலிதானே தரமாட்டாங்க? கையில ராக்கெட்டோட உள்ள வந்தா எவன் கேப்பான்? ரெண்டு பாயிண்டுக்கு நடுவுல நான் என் தங்கச்சிகிட்ட பேசிக்கினு இருப்பேன். அதுக்கு எந்த ரூலும் கெடையாது" என்றார்.

ஒற்றையரில் எங்களுக்கு ஒன்று, அவர்களுக்கு ஒன்று. எல்லாம் எங்கள் இரட்டையர் ஆட்டத்தில் வந்து நின்றது. எதிரே தி.நகர் கிளப்பைச் சேர்ந்த இரண்டு கல்லூரிப் பெண்கள். அடித்தால் பந்து கண்ணுக்கே தெரியாது. முதல் செட் எங்கள் கையை விட்டுப் போனது. செயலாளர் நாற்காலியிலிருந்தபடியே தைரியமா அடிங்கம்மா என்றார். அக்கா மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"கடல் காத்து வந்துடுச்சு, பாத்தியா? அந்தப் பக்கம் நின்னா நம்ம மூஞ்சிலதான் அடிக்கும். பயப்படாம தூக்கித் தூக்கிப் போடு, வெளிய போகாது, உள்ளதான் விழும். இந்தப் பக்கம் வந்தா தூக்காத. ரெண்டு பேருக்கும் நடுவுல போடு. நீ எடு, நீ எடுன்னு ஒருத்தி மூஞ்ச ஒருத்தி பாத்துக்கினு நிப்பாளுங்க."

அப்படியே நடந்தது. பாவம், அந்தப் பெண்களுக்கு அடிக்கத்தான் தெரியும், காத்திருக்கத் தெரியாது. உயரத் தூக்கிய பந்தைக் காற்று பிடித்து நிறுத்த, அவர்கள் அவசரப்பட்டு வீசி வலையில் போட்டார்கள். இரண்டாவது செட் எங்களுக்கு. மூன்றாவதில் ஐந்துக்கு ஐந்து என்று நின்றது. அக்காவின் முட்டி வீங்கிவிட்டது. நொண்டிக்கொண்டே வலைக்கு வந்தவர், குழந்தைகூட அடிக்கக்கூடிய ஒரு பந்தை வெளியே தட்டிவிட்டார். தட்டிவிட்டு என்னைப் பார்த்து, "சாரிடி" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! வேலிக்கு வெளியே எங்கள் வகுப்புப் பெண்கள் அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "அந்த வார்த்தையெல்லாம் இங்க வேணாம். அடுத்து எங்க நிக்கற, அத சொல்லு" என்றேன். அக்கா ஒரு கணம் என்னை முறைத்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாகி, நீ பின்னால் போ, நான் வலையை விட்டு நகரமாட்டேன் என்றார். நகரவும் இல்லை. நான் பின்னாலிருந்து, காற்றுக்குத் தக்கபடி தூக்கியும் நடுவில் போட்டும் ஆடிக்கொண்டே இருந்தேன். அவர்கள் குட்டையாகத் திருப்பிய பந்தையெல்லாம் அக்கா நின்ற இடத்திலிருந்தே நடுவில் தட்டி முடித்தார். ஏழுக்கு ஐந்து. ஜெயித்துவிட்டோம்.

செயலாளர் அன்று கை கொடுத்ததோடு சரி. அடுத்த சீசனின் முதல் ஆட்டத்தன்று அவரே நாற்காலியைத் தூக்கி வந்து போட்டு, தன் துண்டால் துடைத்துவிட்டு, "உக்காருங்க கோச். எனக்கு இந்த வெயில் ஒத்துக்கல" என்றார். அக்கா குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினார். அப்புறம் உட்கார்ந்தார். உடம்புக்கு முடியாமல் போகும் வரை அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்காரவில்லை. அந்தப் பெண்கள் அணி இன்றும் முதல் பிரிவில் ஆடுகிறது.

கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தபோது நோய் முற்றியிருந்தது. அடையாறு மருத்துவமனையில் படுத்திருந்தபடியே, எங்கள் ஒற்றையர் ஆட்டக்காரி நஸ்ரீனின் ஆட்டத்தை என் போனில் பார்த்தார். பாதிக்கு மேல் பார்க்க முடியவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்துப் போனை அணைத்தேன். "சர்வுக்குப் பந்த தலைக்குப் பின்னாடி போடறா. முன்னாடி போடச் சொல்லு" என்றார். அதற்குப் பிறகு அவர் தெளிவாக எதுவும் பேசவில்லை. சாகக் கிடக்கும்போதும் அடுத்த பந்தை யோசித்த மனுஷி என் அக்கா. எத்தனை பேருக்கு அப்படி ஒரு அக்கா வாய்க்கும்?

இரவும் பகலும் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், முறை வைத்துச் சமைத்துக் கொண்டுவந்த மந்தைவெளி அக்கம்பக்கத்தாருக்கும், கிளப் செயலாளருக்கும், இறுதி ஊர்வலத்தில் நடந்து வந்த அத்தனை பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மாமாவுக்கு நான் நன்றி சொன்னால் அவர் என்னைத் திட்டுவார். ஆனாலும் சொல்கிறேன்.

கடைசியாக ஒரு விளக்கம். இந்த மலரை அச்சுக்குக் கொடுக்கும்போது முதல் பக்கத்துப் படத்துக்குக் கீழே என்ன போடுவது என்று வீட்டில் பெரிய வாக்குவாதம் நடந்தது. ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் என்று போட்டால்தான் மரியாதை என்றார்கள் பெரியவர்கள். மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவளயே கேட்டிருந்தா என்ன போடச் சொல்லியிருப்பா?" என்றார். அதனால்தான் அங்கே 'டென்னிஸ் கோச்' என்று மட்டும் இருக்கிறது. அச்சுப்பிழை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.